பாவாவின் கழுத்தும் என் கழுத்தும்

என் கழுத்தின் வலது பக்கத்தில் ஒரு சின்ன வடு இருக்கிறது. புடவைத் தலைப்பை எப்படி இழுத்துவிட்டாலும் எட்டிப் பார்க்கும். கல்யாண வீடுகளில் யாராவது என்ன ஆச்சு என்று கேட்டால், பூனை பிராண்டியது என்று சொல்லி அனுப்பிவிடுவேன். உங்களிடம் அந்தக் கதை செல்லாது. பார்த்த உடனே அது எதற்காகப் போட்ட தையல் என்று கண்டுபிடிக்கிற தொழில் உங்களுடையது.

அந்தத் தையலைப் போட்டவள் பெயர் ஹேமலதா. திருப்பதியில் நான் நடத்திய பயிற்சி அறையில் படித்த டாக்டர். நோயாளியின் கழுத்தில் ஊசி போட அவளுக்கு அனுமதி தர முடியாது என்று ஒரு காலத்தில் நான் மறுத்தேன். பிறகு ஒருநாள் அதே கைக்குக் கீழே என் கழுத்தே போய்ப் படுத்துக்கொண்டது. அந்த அறைக்கு இப்போது நீங்கள் பொறுப்பேற்கிறீர்கள். யாருக்குக் கையெழுத்துப் போடுவது, யாரைத் திருப்பி அனுப்புவது என்று இனி நீங்கள்தான் முடிவு செய்யவேண்டும். அதனால் இதைச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

நான் சந்தேகக்காரி. நகரிப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். எங்கள் நைனா சந்தைக்குப் போனால், மாம்பழக் கூடையின் மேல்வரிசையைப் பார்க்கவே மாட்டார். நேராக அடிவரிசையில் கையை விடுவார். எனக்கும் அந்தக் கைதான் வாய்த்தது. மலைக்குப் போய் வந்தவர்கள் கொடுக்கும் பிரசாதத்தைத் தவிர வேறெதையும் முகர்ந்து பார்க்காமல் வாயில் போடமாட்டேன். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். மயக்க மருந்து டாக்டர் அரளாமல் இருந்தால் பேஷண்ட் எழுந்திருக்கமாட்டார் என்று நான் திருப்பிக் கொடுப்பேன். ஆகவே இனி நான் சொல்வதையும் கொஞ்சம் சந்தேகத்தோடே கேளுங்கள், தப்பில்லை.

உங்களுக்குத் தெரிந்த விஷயம்தான், ஆனாலும் என் வாயால் ஒருமுறை சொன்னால்தான் எனக்குக் கதை நகரும். ரத்த அழுத்தம் விழுந்து கிடக்கிறவருக்குக் கையில் ஊசி போட நரம்பு கிடைக்காது. அப்போது கழுத்திலுள்ள பெரிய சிரைக்குள் ட்யூப் போட்டு மருந்து ஏற்றவேண்டும். அந்தச் சிரைக்குப் பக்கத்திலேயே, ஒரே வீட்டு ஓரகத்திகள் மாதிரி ஒட்டிக்கொண்டு, மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி இருக்கிறது. வெளுத்ததெல்லாம் பால் இல்லை என்பார்கள். அல்ட்ராசவுண்ட் திரையில் கறுத்ததெல்லாம் சிரை இல்லை. இரண்டுமே கறுப்பு வட்டம்தான். கழுத்தின்மேல் வைக்கிற கருவியை, அதாவது புரோபை, அமுக்கினால் சிரை நசுங்கும், தமனி நசுங்காது. ஊசி தமனியில் பட்டுவிட்டால் உருவிவிட்டு அமுக்கிப் பிடித்துச் சமாளிக்கலாம். தெரியாமல் அதற்குள் ட்யூபையே ஏற்றிவிட்டால் ஆள் போய்ச் சேர்ந்துவிடலாம்.

இதை மனிதர்களிடம் பழகக்கூடாது என்பதற்காகத்தான் அந்த அறையும் அந்தப் பொம்மையும். மார்பு, தலை, ரப்பர் கழுத்து. கழுத்துக்குள் இரண்டு குழாய்கள். ஒன்றில் நீலத் தண்ணீர், அது சிரை. இன்னொன்றில் சிவப்புத் தண்ணீர், அது தமனி. பக்கத்தில் உட்கார்ந்து ஒரு ரப்பர் பந்தை அமுக்கிக்கொண்டிருந்தால் தமனி துடிக்கும். அமுக்குகிறவர் எங்கள் டெக்னீஷியன் முனிரத்தினம், வெதுருகுப்பத்துக்காரர். பொம்மைக்கு யாரோ ஒரு தெலுங்குப் பையன் பாவா என்று பெயர் வைத்துவிட்டான். மாமன் மகன் முறை. எவ்வளவு குத்தினாலும் கோபித்துக்கொள்ளக்கூடாத உறவு. பெயர் நிலைத்துவிட்டது. தசரா வந்தால் ஆயுத பூஜைக்குப் பாவாவின் நெற்றியிலும் சந்தனம் குங்குமம் உண்டு.

அந்த அறைக்கு ஒரு வழக்கம் இருந்தது. அங்கே குழாய் கிடையாது. பயிற்சிக்கு வருகிற டாக்டர்கள் சுவரைப் பார்த்து நின்று இரண்டு கையையும் தேய்த்துவிட்டு, "கழுவினதா வச்சிக்கலாம் மேடம்" என்பார்கள். ஏற்கெனவே போட்டுக் கழற்றிய கையுறையை மாட்டிக்கொண்டு, "புதுசுன்னு வச்சிக்கலாம்." ஒட்டுப்போட்ட துணியைப் பாவாவின் மேல் விரித்து, "ஸ்டெரைல்னு வச்சிக்கலாம்." நானும் சரி சரி என்று தலையாட்டிக்கொண்டிருந்தேன். எல்லாப் பயிற்சி அறைகளிலும் அப்படித்தான் ஓடுகிறது என்று கேள்வி.

ஒரு வருடம், வந்த டாக்டர்கள் எல்லோருமே கெட்டிக்காரர்களாக இருந்தார்கள்.

சந்தோஷப்படவேண்டிய விஷயம்தானே என்பீர்கள். என் இளவயதில் எனக்கு ஒரு சீனியர் இருந்தார். ஊசி தப்பாகப் போனால் ஏன் என்று கேட்கிறவர்கள் ஊரெல்லாம் உண்டு, சரியாகப் போனால் "ஏன் சரியாப் போச்சு?" என்று கேட்டவர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான். பதில் சொல்லத் தெரியாவிட்டால், போட்ட ஊசியைப் போடாத ஊசியாகவே கணக்கில் வைப்பார். அந்த வருடம் அவர் குரல் எனக்குள்ளே கேட்க ஆரம்பித்துவிட்டது. அதற்கு முன்பெல்லாம் புதிதாக வருகிறவர்களின் கை முதல் வாரம் நடுங்கும், ஊசி எங்கேயோ போகும், பாவா பாவம் என்றிருக்கும். இப்போதோ நேற்று வந்தவர்கள்கூட முதல் குத்திலேயே நீலத் தண்ணீரை எடுத்தார்கள். அதிலும் ஹேமலதா முதலிடம். புத்தூர்ப் பக்கத்துத் தமிழ்ப் பெண், வாயும் கையும் ஒரே வேகம். திரையை ஒருமுறை பார்ப்பாள், ஊசி உள்ளே போகும், நீலம் வந்துவிடும்.

எனக்கு அது பிடிக்கவில்லை. முதலில் முனிரத்தினத்தின் மேல்தான் கண் போனது. பந்தை அமுக்குகிறவர் அவர்தானே? எந்தப் பக்கம் துடிக்கிறது என்று கண்ணைக் காட்டுகிறாரோ? அவரை ஒரு ஸ்க்ரீனுக்குப் பின்னால் உட்காரவைத்தேன்.

"இன்னா மேடம், கோஷா பொம்பள மாதிரி ஒக்கார வச்சிட்டீங்க?" என்றார் உள்ளேயிருந்து.

"காத்து வரும், இருங்க."

ஹேமலதா அன்றைக்கும் முதல் குத்திலேயே நீலம் எடுத்தாள். அடுத்து, பூஜையன்று வைத்த குங்குமம் வழிந்து பாவாவின் கழுத்தில் கறையாக நின்றிருந்தது. அதை அடையாளமாக வைத்துக் குத்துகிறார்களோ என்று ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். அதற்கும் ஒன்றும் மாறவில்லை. நான் துடைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த ஹேமலதா, எல்லாம் புரிந்தவள் மாதிரி உதட்டைச் சுழித்துக்கொண்டு வெளியே போனாள்.

ஒருநாள் எல்லோரும் சாப்பிடப் போனபிறகு கதவைச் சாத்திக்கொண்டு நானே புரோபைக் கையில் எடுத்தேன். திரையில் கறுப்பு வட்டம் தெரிந்தது. அதற்கு மேலே, மெல்லிய வெள்ளைக் கோடுகள். நானும் எத்தனையோ தடவை பார்த்து, ரப்பர் பழசு என்று விட்ட கோடுகள்தான். அன்றைக்கு அவற்றைச் சும்மா விடத் தோன்றவில்லை. எல்லாக் கோடும் மேலே ஒரே இடத்தில் தொடங்கி, கீழே ஒரே இடத்தில், சிரையின் நடுவில் போய் முடிந்தன. ஊசியைத் தொட்டு வைத்தேன். நான் தள்ளாமலே அது வழுக்கிக்கொண்டு போய் நீலத்தில் நின்றது.

முன்னால் குத்தியவர்களின் ஊசித் தடங்கள் அவை. உயிருள்ள சதை மூடிக்கொள்ளும்; ரப்பர் மூடாது, தடத்தில் காற்று நிற்கும், திரையில் வெள்ளையாகத் தெரியும். மழைக்காலத்து மண் ரோட்டில் டிராக்டர் போன தடத்துக்குள் ஸ்கூட்டர் இறங்கிவிட்டால் எப்படியிருக்கும்? ஹேண்டில்பார் உங்கள் கையில்தான் இருக்கும், வண்டியை ஓட்டுவது தடமாக இருக்கும். யாரும் திருடவில்லை, யாரும் கண்ணைக் காட்டவில்லை. எல்லோரும் நேர்மையாகவே ஏமாந்துகொண்டிருந்தார்கள். அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. திருடுகிறவருக்காவது தான் திருடுவது தெரியும்.

பீரோவில் ஒரு புதுக் கழுத்து இருந்தது, பாக்கிங் பிரிக்காமல். இன்ஸ்பெக்ஷன் குழு வரும்போது எடுத்து மாட்டி, அவர்கள் போனதும் கழற்றிப் பத்திரப்படுத்துவது என்பது மேலிடத்து உத்தரவு. நான் அதன் ப்ளாஸ்டிக்கைக் கிழித்தபோது முனிரத்தினம் ஓடிவந்தார். பயந்தால் அவருக்குத் தெலுங்கு வரும்.

"வத்து மேடம், வேணாம்! இன்ஸ்பெக்ஷனுக்கு வச்சது. தொட்டா என்னைத்தான் கேப்பாங்க."

"இன்ஸ்பெக்ஷன்காரங்க கழுத்துல யாரும் ஊசி போடப்போறதில்ல முனிரத்தினம். மாட்டுங்க."

மறுநாள் ஹேமலதாவுக்குத் தேர்வு. சித்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. அங்கே அவள் டியூட்டி நேரத்தில் அவள் ஒருத்திதான் டாக்டர். கை தப்பினால் பக்கத்தில் பிடிக்க ஆளில்லை. நான் கையெழுத்துப் போட்டால் வேலையில் போய்ச் சேரவேண்டியதுதான். சுவரைப் பார்த்துக் கைகளைத் தேய்த்துக்கொண்டாள், "கழுவினதா வச்சிக்கலாம்" என்றாள், திரையை ஒருமுறை பார்த்தாள், ஊசியை விட்டாள்.

சிரிஞ்சில் சிவப்பு ஏறியது.

உருவிவிட்டு மறுபடியும் போட்டாள். மறுபடியும் சிவப்பு. முனிரத்தினம் பந்தை அமுக்குவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். ஹேமலதா குனிந்து பாவாவின் கழுத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

"ரப்பர மாத்திட்டீங்களா மேடம்?"

"மாத்திட்டேன்."

"சொல்லாமலா?"

"நாளைக்கு வர்ற பேஷண்ட் உங்கிட்ட சொல்லிட்டா வரப்போறாரு?"

அவள் கையுறையைக் கழற்றி ட்ரேயில் எறிந்தாள். "இத்தினி நாளா இதே பொம்மைல தானே போட்டுக்கினு இருந்தேன். அப்பல்லாம் தலைய ஆட்டிட்டு, வேலைக்குப் போற நேரத்துல வந்து... நீங்க மொதல்லேர்ந்தே என்னைத் திருடியப் பாக்கற மாதிரி பாத்துக்கினு இருக்கீங்க மேடம். குங்குமத்தத் தொடச்சது எதுக்குன்னு எனக்குத் தெரியாதா?"

"உன்னைப் பாக்கலம்மா. உன் கையைப் பாக்கறேன்."

"கை யாரோடது மேடம்?"

பழைய கழுத்தை எடுத்துவந்து திரையில் அந்த வெள்ளைக் கோடுகளைக் காட்டினேன். ஒவ்வொரு கோடாக விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"அப்ப நான் போட்டதெல்லாம்?"

"உனக்கு முன்னாடி போட்டவங்க போட்டது."

"அவங்க?"

"அவங்களுக்கு முன்னாடி போட்டவங்க."

அவள் உட்கார்ந்துவிட்டாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. கோபம்தான் ஏறிக்கொண்டே போனது. நான் கையெழுத்துப் போடவில்லை. சித்தூரில் சேர வேண்டிய நாள் தள்ளிப்போனது. அவள் அங்கே என்ன சொல்லிச் சமாளித்தாள் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை.

அதன்பிறகு அவளைப் படுத்தியது கொஞ்சநஞ்சமில்லை. பாவாவின் கழுத்தை எப்போது மாற்றுவேன் என்று யாருக்கும் சொல்லமாட்டேன். இரண்டு குழாயிலும் சிவப்புத் தண்ணீரையே ஊற்றினேன். சிரை ரத்தம் கறுத்திருக்கும் என்பார்கள்; ஆனால் மூச்சுத் திணறுகிறவரின் தமனி ரத்தமும் கறுத்துத்தான் வரும், நிறத்தை நம்பி இறங்கக்கூடாது. முனிரத்தினத்திடம் பந்தை அமுக்கவேண்டாம் என்றேன். அழுத்தம் விழுந்தவருக்குத் துடிப்பு எங்கே இருக்கப்போகிறது? "வச்சிக்கலாம்" என்ற வார்த்தையையே அந்த அறையில் தடை செய்தேன். கை கழுவவேண்டுமென்றால் நடைவழியின் கோடியிலிருக்கும் குழாய்க்குப் போய் உண்மையிலேயே கழுவிவிட்டு, ஈரக்கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, எல்லோரும் பார்க்க நடந்து வரவேண்டும். மற்ற டாக்டர்கள் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. வருவாள், கழுவுவாள், போடுவாள், தப்பினால் முறைப்பாள், மறுபடியும் போடுவாள்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விஷயத்தில் அவளைக் குடைந்துகொண்டே இருந்தேன். ஊசி வழியாக முதலில் ஒரு மெல்லிய வயர் போகும், அதன்மேல் டைலேட்டரை விட்டுத் துளையை அகலமாக்கிய பிறகுதான் ட்யூப் ஏறும். அந்த வயர் சிரைக்குள்ளேதான் இருக்கிறது என்று திரையில் கண்ணால் பார்க்காமல் அடுத்த காரியத்தைத் தொடக்கூடாது. "பாத்தியா?" என்பேன். "பாத்தேன்" என்பாள். "எனக்குக் காட்டு" என்பேன். பல்லைக் கடித்துக்கொண்டு காட்டுவாள்.

கடைசியில் கையெழுத்துப் போட்டேன். அறையில் தேறியவர்கள் எல்லோருக்கும் இனிப்பு கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். ஹேமலதா மைசூர்பாகு வாங்கி வந்தாள். முனிரத்தினத்துக்கு இரண்டாகக் கொடுத்தாள், ஆயாம்மாவுக்குக் கொடுத்தாள், வாசலில் நின்ற வாட்ச்மேனுக்கும் கொடுத்தாள். என் மேஜையைத் தாண்டிப் போய்விட்டாள். எனக்கு வருத்தமாக இருந்தது. அப்படியெல்லாம் இல்லை என்று யாரிடமாவது சொல்லியிருந்தால் அது பொய்.

நான் ஓய்வு பெற்றபிறகு ஒருமுறை சித்தூரில் தம்பி வீட்டுக்கு, மருமகள் சீமந்தத்துக்காகப் போயிருந்தேன். போன இடத்தில் குளிர் ஜுரம். சிறுநீரில் தொற்று, ரத்தத்தில் ஏறிவிட்டது. பந்தியில் உட்கார்ந்தவள் இலைமேலேயே சாய்ந்துவிட்டேனாம். எந்த ஆஸ்பத்திரிக்கு என்று கேட்கிற நிலையில் நான் இல்லை. கண் திறந்தபோது மேலே டியூப் லைட், பக்கத்தில் ஒரு சிஸ்டர் என் கையைத் தட்டித் தட்டி நரம்பு தேடிக்கொண்டிருந்தாள். கிடைக்கவில்லை. நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன், இப்போது எனக்கே தெரிந்தது, அடுத்து கழுத்துதான்.

டாக்டர் உள்ளே வந்தாள். ஹேமலதா.

அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "மேடம், பிபி ஏற மாட்டேங்குது. கழுத்துல லைன் போடணும்" என்றாள், யாரோ ஒரு பேஷண்டிடம் சொல்வது போலவே. நான் தலையாட்டினேன். மைசூர்பாகு ஞாபகம் வந்தது. சாகக் கிடக்கிற நேரத்தில் அதுவா என்று கேட்காதீர்கள், அதுதான் வந்தது. இந்தப் பெண்ணுக்கு என்மேல் கோபம் இன்னும் இருக்குமா, கோபம் கையில் இறங்குமா?

தலையை இடது பக்கம் திருப்பினார்கள். முகத்தின்மேல் பச்சைத் துணி விழுந்தது. துணிக்குக் கீழே என் மூச்சின் சூடும் மருந்து வாடையும்தான். எதையும் பார்க்க முடியாது. காது மட்டும்தான் எனக்கு மிச்சம், அதைத் தீட்டிக்கொண்டேன். தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது, சீக்கிரத்தில் நிற்கவில்லை. கையுறைப் பாக்கெட் கிழிந்தது. பழசு கிழியாது, புதுசுதான். புரோப் கழுத்தில் பட்டது. அமுக்கினாள், விட்டாள், மறுபடியும் அமுக்கினாள். மரத்துப்போகப் போடும் ஊசி சுருக்கென்றது. பிறகு அழுத்தம். பிறகு எதுவோ உள்ளே நழுவுகிற உணர்வு.

"ரத்தம் டார்க்கா தான் வருது மேடம்" என்றாள் சிஸ்டர். "டைலேட்டர் குடுக்கட்டா?"

"இரு. வயரப் பாத்துட்டு."

புரோப் நகர்ந்தது. நின்றது. மறுபடியும் நகர்ந்தது. பயிற்சி அறையில் எத்தனையோ தடவை நான் நின்று பார்த்த நேரம்தான் அது. துணிக்கு அடியில் அதற்கு முடிவே இல்லை போலிருந்தது.

"வெயினுக்குள்ள வயர் தெரியல."

"மேடம், பிபி எறங்கிக்கினே இருக்குது."

எனக்குக் குளிரில் பல் அடித்துக்கொண்டது. மூக்கு அரித்தது. காது இரைந்தது. இது முடிந்தால் போதும், யாராவது எதையாவது உள்ளே ஏற்றிவிட்டால் போதும் என்று ஆகிவிட்டது. நான் வாயைத் திறந்தேன்.

"ஹேமா, சரியாத்தான் இருக்கும்மா. ஏத்திடு. உள்ளதான் இருக்குதுன்னு வச்சிக்கோ."

ஆமாம், நான்தான் சொன்னேன். அந்த வார்த்தையைத் தடை செய்தவள். ஆயுசு முழுக்க அடிவரிசையில் கை விட்டுப் பார்த்தவள், உயிர்ப்பயம் வந்ததும் மேல்வரிசையைப் பார்த்தே கூடையை வாங்கிக்கொள்ளத் தயாராகிவிட்டேன். படுத்திருக்கிறவர் அப்படித்தான் கெஞ்சுவார். அவரால் வேறென்ன செய்ய முடியும்? உங்கள் பேஷண்டும் கெஞ்சுவார், அப்போது உங்கள் காதில் அது நம்பிக்கையாகக் கேட்கும். ஏமாந்துவிடாதீர்கள்.

வயர் சிரையின் பின்சுவரைக் குத்திக்கொண்டு தமனிப் பக்கம் போயிருந்தது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அப்போது எனக்குத் தெரிந்தது, அவள் எல்லாவற்றையும் உருவி எடுத்ததும், இரண்டு விரலால் என் கழுத்தை விடாமல் அழுத்திப் பிடித்ததும்தான். சிஸ்டர் ஏதோ முணுமுணுத்தாள். விரல்கள் அசையவில்லை. நான் மறுபடியும் கெஞ்ச வாயெடுத்தேன்.

"பேசாதீங்க மேடம், கழுத்து ஆடுது" என்றாள் ஹேமலதா. துணிக்கு அந்தப் பக்கமிருந்து, வெகு அருகில் கேட்டது அவள் குரல். "நீங்க நம்பிக்கினு படுத்துக்கினு இருங்க. சந்தேகப்பட்ற வேலைய நான் பாத்துக்கறேன்."

பிறகு புரோபை என் கழுத்தில் வைத்து, முதலிலிருந்து அமுக்கிப் பார்க்க ஆரம்பித்தாள்.